முன்பல் இடைவெளி: அத்தை சொன்னது சரியா, அம்மாச்சி சொன்னது சரியா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. கருங்கல் பக்கம் ஊர். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்தே இடைவெளி உண்டு. வாய்விட்டுச் சிரித்தால் ஈறும் கொஞ்சம் தெரியும். அம்மாச்சி இதை அதிர்ஷ்டப் பல் என்பார். கல்யாணம் பேசி முடித்த அன்று மாப்பிள்ளையின் அத்தை, "பிள்ளைக்குப் பல்லு மட்டும் கொஞ்சம் சரியாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விசாரிக்கப் போன ஒரு கிளினிக்கில் ஆறு பல்லுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) ஒட்டிவிடலாம் என்கிறார்கள். அன்றிலிருந்து கையால் வாயை மறைத்துத்தான் சிரிக்கிறேன். யார் சொல்வது சரி? தை மாதம் கல்யாணம்.

பதில்: முதலில் அந்தக் கையைக் கீழே இறக்குங்கள். பல் இடைவெளியைக் கவனிக்காதவர்கள்கூட வாயைப் பொத்தும் கையைக் கவனிப்பார்கள்.

ஒரே சிரிப்பை ஆளுக்கொரு விதமாகப் பார்ப்பது இயல்பு. 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சிரிக்கும் வாயின் படங்களை மில்லிமீட்டர் கணக்கில் மாற்றி, கம்பி போடும் சிறப்பு மருத்துவர்கள், பொதுப் பல் மருத்துவர்கள், சாதாரண மக்கள் என்று மூன்று கூட்டத்தாரிடம் காட்டினார்கள். முன்பற்களின் நடுக்கோடு ஒரு பக்கமாக 4 மில்லிமீட்டர் விலகியிருந்ததைக் கம்பி போடுகிறவர்கள் மட்டுமே கண்டுபிடித்தார்கள். ஈறு 2 மில்லிமீட்டர் தெரிந்தாலே அவர்களுக்கு உறுத்தியது. மற்றவர்களுக்கு 4 மில்லிமீட்டர் தெரிந்தபோதுதான் உறுத்தியது. முன்பல் சாய்ந்திருந்தால் சாதாரண மக்களும் சட்டென்று பிடித்துவிட்டார்கள். நடுவில் சின்ன இடைவெளி இருந்த படத்தை மூன்று கூட்டத்தில் எந்தக் கூட்டமும் அசிங்கம் என்று ஒதுக்கவில்லை.

நானும் இந்த வியாதிக்காரிதான். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், யாராவது சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடிக்கும்போது என் கண் முதலில் அவர்களுடைய கோரைப்பல்லுக்குத்தான் போகும். ஆள் யாரென்று அப்புறம்தான் ஞாபகம் வரும். ஆகவே பல் டாக்டர் சொல்லும் குறையை ஊர் முழுக்கப் பார்க்கும் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பார்க்கிறார்கள். உதட்டின் ஓரத்தை மேலே இழுப்பது ஒரு தசை, கண்ணைச் சுற்றிச் சுருங்குவது வேறொரு தசை. மனம் நிறைந்து சிரிக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவைத்தார். போட்டோவுக்காக உதட்டை மட்டும் விரித்த சிரிப்பு ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். வாயை மறைக்கும் பழக்கம் வந்தவர்கள் அடக்கி அடக்கிச் சிரிப்பார்கள். அதில் கண்ணின் பங்கு குறைந்துபோகும்.

உங்கள் கண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். நமக்குப் பழகிய முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிகிற முகம். 1977இல் நடந்த ஓர் ஆய்வில், பெண்கள் தங்கள் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளுக்கு நேரான முகம்தான் பிடித்திருந்தது. செல்ஃபி இன்னும் மோசம். கைதூரத்தில் எடுப்பதால் மூக்கும் முன்பல்லும் பெருத்துத் தெரியும். ஆறடி தள்ளி நின்று ஒரு தோழி உங்களோடு பேசிக்கொண்டே வீடியோ எடுக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு ஊர் ரசனையும் வேறு. நைஜீரியாவிலும் கானாவிலும் முன்பல் இடைவெளி அழகின் அடையாளம். ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டு வரை மணமான பெண்கள் இரும்புக் கரைசல் பூசிப் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். நம்மிடமே தெத்துப்பல் சிரிப்புக்கு மயங்குகிற ஆட்கள் எத்தனை பேர்! பல்லை முல்லை அரும்புக்கு ஒப்பிடுவது நம் பழைய வழக்கம். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கை முல்லையை அள்ளிப் பாருங்கள், இரண்டு அரும்பு ஒரே அளவில் இருக்காது.

சரி, இனி மருத்துவம். சின்ன வயதிலிருந்தே மாறாமல் இருக்கிற இடைவெளிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு தடித்து இறங்கியிருப்பது, பக்கத்துப் பல் சிறியதாக இருப்பது, விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுவது, இப்படிப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இடைவெளி அண்மையில் அகலமானால், பல் ஆடினால், துலக்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு நோயாக இருக்கலாம். அப்போது அழகைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஈறு சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஈறு தெரிவதைப் பற்றி: அது வீங்கிச் சிவந்திருந்தால் சுத்தம் செய்தாலே ஓரளவு குறையும். சில வலிப்பு மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் ஈறை வளர்க்கலாம். எதையும் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இது எதுவுமில்லாமல் இளஞ்சிவப்பாக உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம். வயது ஏற ஏற மேலுதடு தாழும். ஐம்பதைத் தாண்டியவர்கள் "முன்னெல்லாம் சிரிச்சா பல்லு தெரியும் டாக்டர்" என்று வருகிறார்கள்!

இடைவெளியை மூட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் (அத்தைக்காக வேண்டாம்) எளிய வழி, இரண்டு பல்லின் ஓரத்திலும் பல் நிறப் பசையை வைத்து ஒளியால் இறுக்குவது. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும், பல்லைச் செதுக்க வேண்டிய தேவையும் அநேகமாக இருக்காது, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். சில வருடங்களில் கறை படியலாம், ஓரம் உதிரலாம். கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறையக் குடித்தால் சீக்கிரமே. கம்பி போட்டு மூடுவதானால் மாதக்கணக்கில் ஆகும், தை மாதத்துக்குள் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். மூடிய இடைவெளி மறுபடி திறக்கப் பார்க்கும், ஆகவே பல்லின் உள்பக்கம் மெல்லிய கம்பியை நீண்ட காலம் ஒட்டிவைக்க வேண்டியிருக்கும்.

வெனீருக்குப் பெரும்பாலும் பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலைச் செதுக்குவார்கள். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. 26 வயதில் ஆறு நல்ல பற்களை, ஒரு இடைவெளிக்காக? இடைவெளி இரண்டு பல்லுக்கு நடுவில்தானே, மற்ற நான்கும் என்ன பாவம் செய்தன என்று அங்கே கேளுங்கள். என் மகளாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கல்யாணத்துக்கு வெளுக்க வேண்டும் என்று உமிக்கரி, எலுமிச்சை, சோடா உப்பு எதையும் தேய்க்காதீர்கள். எனாமல் தேய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் அடுக்குதான் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒருமுறை பல் சுத்தம் செய்துகொண்டால் போதும். அதற்குப் போகும்போது மேலுதட்டுச் சவ்வையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். பசை வைப்பதானால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வந்தாலும் நேரம் இருக்கிறது. அதற்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இடைவெளி இருப்பதையே அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.