வீட்டில் பிரெட்ஸல்: சோடா குளியல் முதல் உப்பு வரை, கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் செய்த பிரெட்ஸல் (முடிச்சு வடிவ ஜெர்மன் ரொட்டி) வெளிறிப்போய் வெறும் பன் மாதிரி வந்தது. ஓவன் சூடு போதவில்லையா?

பதில்: சோடா தண்ணீரில் முக்கினீர்களா? அதை விட்டுவிட்டால் எவ்வளவு சூடு வைத்தாலும் பன்தான் வரும். காரத்தன்மையுள்ள நீர் பட்டால், மாவின் மேற்புறத்தில் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவது வேகமாகும். அந்தப் பழுப்பும் தனி மணமும் அதனால்தான். 2 லிட்டர் கொதிநீரில் 100 கிராம் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி அடுப்பை நனைத்துவிடும். ஒவ்வொன்றையும் 30 விநாடி முக்கி, நன்றாக நீர் வடித்து, 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

கேள்வி: சோடா இல்லை, பேக்கிங் பவுடர் போடலாமா?

பதில்: கூடாது. அதில் அமிலமும் கலந்திருக்கும், காரத்தன்மை அடிபட்டுப்போகும்.

கேள்வி: சோடாவில் முக்கியும் கடையில் கிடைக்கும் கருஞ்சிவப்பு வரவில்லையே?

பதில்: ஜெர்மன் பேக்கரிகளில் போடுவது சமையல் சோடா இல்லை, சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. உணவுத் தரத்தில் வாங்கி, 1 லிட்டர் குளிர்ந்த நீருக்கு 30 முதல் 40 கிராம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரமோ தட்டோ பக்கத்திலேயே வரக் கூடாது, அரித்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் சமையலறை என்றால் இதை மறந்துவிடுங்கள்.

வீட்டுக்கு நான் சொல்வது நடுவழி. சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, 130 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். அது சோடியம் கார்பனேட்டாக மாறி, எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், காரத்தன்மை நன்றாகக் கூடும். லிட்டருக்கு 50 கிராம் போதும். இதற்கும் அலுமினியம் ஆகாது, வெறும் கையால் தொடவும் வேண்டாம். துணி துவைக்கும் சோடாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது சாப்பிடுவதற்கானது அல்ல.

கேள்வி: மாவு அளவு சொல்லுங்களேன்.

பதில்: மைதா 500 கிராம், தண்ணீர் 280 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம். எட்டு வரும். மாவு கெட்டியாகத்தான் இருக்கும், பயந்து தண்ணீர் சேர்க்காதீர்கள். தளர்ந்த மாவு சோடா குளியலில் உருக்குலைந்துவிடும்.

கேள்வி: கயிறாக உருட்டினால் ரப்பர் போல இழுத்துக்கொள்கிறது!

பதில்: மல்லுக்கட்ட வேண்டாம். பாதி நீளம் உருட்டி, மூடி வைத்துவிட்டு அடுத்த உருண்டைக்குப் போங்கள். ஐந்து நிமிடத்தில் பசையம் (மாவின் குளூட்டன்) தளர்ந்து சொன்னபடி கேட்கும். 60 செ.மீ. நீளம், நடு தடிமன், நுனிகள் ஒல்லி. மேசையில் மாவு தூவாதீர்கள், வழுக்கிக்கொண்டே போகும். முடிச்சு கோணலாக வந்தால் பரவாயில்லை, ருசி மாறாது.

கேள்வி: முக்க எடுக்கும்போது கையோடு தொங்கி நீண்டுவிடுகிறது.

பதில்: வடிவம் செய்தபின் மூடாமல் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே மெல்லிய தோல் கட்டும், தூக்கவும் எளிது, வெந்தபின் பளபளப்பும் கூடும்.

கேள்வி: நடுவில் கீறல் போட வேண்டுமா?

பதில்: உங்கள் விருப்பம். தெற்கு ஜெர்மனியில், ஸ்வாபியா பகுதியில் பிரெட்ஸலின் தடித்த வயிற்றில் கீறுவார்கள். பவேரியாவில் தானாக வெடிக்க விடுவார்கள். எனக்குக் கீறியதுதான் பிடிக்கும்: உள்ளே பஞ்சு, முடிச்சின் ஒல்லியான கைகள் மொறுமொறு.

கேள்வி: மறுநாள் மேலே உப்பு கரைந்து தோல் பிசுபிசுக்கிறது, என்ன செய்வது?

பதில்: உப்பு ஈரத்தை இழுக்கும், அது அப்படித்தான். அன்றே சாப்பிடுவதற்கு மட்டும் பொடித்த கல் உப்பு தூவுங்கள். மீதியை உப்பில்லாமல் சுட்டு, ஆறியதும் ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது தண்ணீர் தெளித்து, உப்பு தூவி, 180 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், ஆறியதும் தோல்போல இழுக்கும்.