கொல்லிமலை ஏறும் பழைய ஸ்விஃப்டுக்கு காயிலோவர் தேவையா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2008 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஊர் நாமக்கல். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கொல்லிமலை போவோம். சின்னப் பள்ளத்தில்கூட முன்பக்கம் 'டடக் டடக்' என்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்கிறது. ஒரிஜினல் ஷாக் போடுவதற்குப் பதில் காயிலோவர் கிட் போட்டு ஒரு இன்ச் இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் 78,000 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதலாவது பெரும்பாலும் ஷாக்கின் குறையே இல்லை. ஷாக் போனால் வண்டி ஆடும், அலையும். ஆனால் மெதுவாகப் போகும்போது சின்னக் குழியில் வரும் 'டடக்' பொதுவாக லிங்க் ராடு (சாய்வைத் தடுக்கும் கம்பியை இணைப்பது), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையை பாடியில் பிடிப்பது), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்) இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வரும். புத்தம்புது கிட் போட்டுக்கொண்டு அதே சத்தத்தோடு மறுநாள் திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கடினமான ஸ்பிரிங் போட்டதும் செத்துப்போன புஷ் இன்னும் உரக்கப் பேச ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி, வேறு ஒருவரை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கில் கையை லேசாக வைத்திருங்கள், சுருளுக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு 'டிங்' என்று துள்ளினால் மவுண்ட் பேரிங் போய்விட்டது. அடுத்து, ஆள் இல்லாத இடத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லி, ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று நகர்த்தி சட்டென்று பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். சக்கரம் அதன் வளைவுக்குள் முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறது. கடைசியாக, ஷாக் தண்டின் மேல் தூசி எண்ணெயோடு சேர்ந்து சேறாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சீல் போயிற்று. உங்கள் மூக்குக் குத்தலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, காயிலோவர் என்பது என்ன? ஷாக்கின் உடலில் திருகு மரை வெட்டி, ஸ்பிரிங் உட்காரும் தட்டை அந்த மரையில் ஏற்றி இறக்கும்படி செய்த அமைப்பு. அதனால் வண்டியின் உயரத்தை மாற்றலாம். கொஞ்சம் நல்ல கிட்டில் ஷாக் எவ்வளவு இறுக்கமாக வேலை செய்ய வேண்டும் என்பதையும் ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் ஸ்விஃப்டின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கின்றன. பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்தரம்; அதில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆகவே 'நாலு காயிலோவர்' என்று விற்றாலும், பின்னால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஜோடி ஷாக், ஒரு ஜோடி குட்டை ஸ்பிரிங், உயரம் மாற்ற ஒரு திருகு.

உண்மையான வித்தியாசம் ஸ்பிரிங்கின் கடினத்தில் இருக்கிறது. இதை ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று சொல்வார்கள். இந்த அளவு வண்டியில் கம்பெனி ஸ்பிரிங் தோராயமாக 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்களில் 4, 5, 6 எல்லாம் சாதாரணம். ஒரு சக்கரத்தின் மேல் கூடுதலாக 60 கிலோ விழுந்தால் முதலாவது 30 மில்லிமீட்டர் அமுங்கும், 5 கிலோ ஸ்பிரிங் 12 மில்லிமீட்டர்தான் அமுங்கும். வளைவில் சாயாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். பின்சீட்டில் இருப்பவர்களின் இடுப்பு பிடித்துக்கொள்வதற்குக் காரணமும் இதுவே. ஒன்று மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் முடியாது.

இறக்கினால் வளைவில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்கிறார்களே, அது பாதி உண்மை. உங்கள் வண்டியின் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும். வண்டியை இறக்க இறக்க அது தட்டையாகி, அப்புறம் எதிர்ப்பக்கம் சரியும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட, அது சாய்வதற்கு அச்சாக இருக்கும் புள்ளி அதிகமாக இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் பழைய கடினத்திலேயே இருந்தால் இறக்கிய வண்டி முன்பைவிட அதிகமாகத்தான் சாயும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கும் வண்டிகள் வளைவில் பயமுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

அடி தட்டுமா என்றால், மேட்டைப் பொறுத்தது. இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) விதிப்படி போட்ட ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2.39 மீட்டர்தான். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே நிற்கும் என்பதால் அடியில் அது 4 சென்டிமீட்டர்தான் தின்னும். 170 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸில் 25 குறைந்தாலும் பிரச்சினை வராது. பிரச்சினை, ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி வைத்த ஒன்றரையடி அகல மேடு. அது தன் முழு உயரத்தோடு வண்டிக்கு அடியில் வரும். அதுவும் ஐந்து பேரும் பலாப்பழ மூட்டையுமாக மலையிலிருந்து திரும்பும்போது.

அதனால் என் தீர்ப்பு: வேண்டாம். கம்பெனி ஷாக் அல்லது காப்ரியேல், கேஒய்பி மாதிரி அதே ஸ்பெக்கில் வரும் ஷாக் நான்கு, முன்பக்க மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர், இரண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராடு, கடைசியில் வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து அந்த 78,000-ல் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். ஸ்பிரிங்கின் உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் வண்டி எப்படி எடுக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். புதிதாய் வாங்கியபோது எப்படி இருந்தது என்பது நமக்கு மறந்தே போயிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை விடவில்லையா? எனக்கும் ஒருகாலத்தில் விடவில்லை. அப்படியானால் கிட் வாங்கும்போது, உயரத்தை ஷாக்கின் கீழ்த்தாங்கியைத் திருகி மாற்றும் வகையா என்று கேளுங்கள். அதில் எவ்வளவு இறக்கினாலும் ஷாக்கின் ஓட்டம், அதாவது அது அமுங்கி விரியும் தூரம், குறையாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஓட்டத்திலிருந்துதான் போகும். முன்பக்க ஸ்பிரிங் 4-ஐத் தாண்ட வேண்டாம். உதிரியாக சீல், ஷாக் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிடைக்காத கிட் ஒழுகினால் மொத்தமும் பழைய இரும்பு. மவுண்ட், புஷ், லிங்க் செலவு இதிலும் குறையாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஷாக் தண்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன் வைத்து முறுக்க விடாதீர்கள், தண்டு சுற்றி உள்ளே சீலை அறுத்துவிடும். ஆர்ம் புஷ் போல்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து சில மாதத்தில் கிழியும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாத மெக்கானிக் அபூர்வம். கம்பெனி ஷாக் போட்டாலும் இதே விதிதான். 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் உயரத்தை அளந்து, இன்னொரு முறை அலைன்மென்ட் பாருங்கள். இறக்கினால் கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும், டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேயும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் ஸ்பெக்கிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தலைவலியாகலாம். 15 வருடம் முடிந்து 2023-ல் ஆர்சியைப் புதுப்பித்திருப்பீர்கள், அது 2028 வரைதான். ஆகவே கிட் போட்டாலும், கழற்றிய ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் காயலான் கடைக்குக் கொடுக்காமல், எந்தப் பக்கத்தது என்று பெயின்டால் எழுதி பரணில் போட்டு வையுங்கள். எஃப்சிக்குப் போகும் முன் அவை தேவைப்படும்.