இரண்டு நாழிகைக் கணக்கு: நிலாவைப் பற்றிச் சில கேள்விகள்

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிதான் இருப்பிடம். நிலாவைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையவே வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நிலா தினமும் ஒரே நேரத்துக்கு வராமல் தள்ளித் தள்ளிப் போவது ஏன் சார்? அதற்கு ஏதாவது சுலபமான கணக்கு உண்டா?

உண்டு, அதுவும் நம் காலண்டரிலேயே. பூமி ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் நிலா தன் பாதையில் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. சூரியனை வைத்து அளந்தால் நாளுக்கு ஏறக்குறைய 12 பாகை. இந்த 12 பாகைக்குத்தான் பஞ்சாங்கத்தில் திதி என்று பெயர். பூமி 12 பாகை திரும்ப 48 நிமிடம் ஆகும், அதாவது கச்சிதமாக 2 நாழிகை. அந்த 48 நிமிடத்திலும் நிலா சும்மா இருப்பதில்லை, இன்னும் கொஞ்சம் நகர்கிறது. அதனால் நாளுக்கு நாள் தாமதம் சராசரியாக 50 நிமிடம்.

மனக்கணக்குக்கு 2 நாழிகையே போதும். வளர்பிறையில் திதி எண்ணை 48 நிமிடத்தால் பெருக்குங்கள். சூரியன் மறைந்து அவ்வளவு நேரம் கழித்து நிலா மறையும். பஞ்சமி என்றால் 5 × 48 = 240 நிமிடம். ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தால் பத்தேகால் வரை நிலா இருக்கும். பௌர்ணமிக்கு 15 × 2 = 30 நாழிகை, அதாவது முழு இரவு. தேய்பிறையில் அதே பெருக்கல், ஆனால் அது நிலா எழும் நேரம். கால் மணி, அரை மணி முன்னே பின்னே இருக்கும். பேட்டரி வெளிச்சம் இல்லாமல் வயலுக்குப் போய் வர இந்தத் துல்லியம் தாராளம்.

கேள்வி: சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருக்கிறேன். காலண்டரில் சந்திரோதயம் 8.50 என்று போட்டிருந்தது. எங்கள் பால்கனியில் 9.30 ஆகியும் நிலாவைக் காணோம். காலண்டர் தப்பா?

காலண்டர் சரிதான் அம்மா, எதிர் அடுக்குமாடிதான் குற்றவாளி. காலண்டர் சொல்வது மறைப்பே இல்லாத தொடுவானத்துக்கு. நம் ஊரில் நிலா பெரும்பாலும் செங்குத்தாகவே ஏறுவதால் பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. எதிர்க் கட்டடம் ஒரு முஷ்டி உயரம் மறைத்தால் 40 நிமிடம் போயிற்று. பசியோடு பால்கனியில் காத்திருக்க வேண்டாம், மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: போனில் ஒரு நாள் ‘நிலா உதயம்’ என்ற இடத்தில் வெறும் கோடு இருந்தது. அன்றைக்கு நிலா வரவே இல்லையா?

தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாளாக இருந்திருக்கும், பாருங்கள். முதல் நாள் இரவு 11.40க்கு எழுந்த நிலா அடுத்து எழுவது 24 மணி 50 நிமிடம் கழித்து, அதாவது நடு நாளைத் தாண்டி மூன்றாம் தேதி 12.30க்கு. நடுவில் உள்ள தேதிக்கு உதயமே கிடையாது. நள்ளிரவில் தேதி மாற்றும் பழக்கத்தால் வரும் வேடிக்கை இது. வளர்பிறை அஷ்டமி அருகே இதேபோல மறையும் நேரத்துக்குக் கோடு விழும்.

கேள்வி: காலண்டரில் ஒரு திதி காணாமல் போகிறது, சில சமயம் அதே திதி இரண்டு நாள் வருகிறது. ஏன்?

நிலாவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் இருக்கும்போது வேகமாகவும், தூரத்தில் மெதுவாகவும் ஓடுகிறது. அதனால் ஒரு திதி 20 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம், 26 மணியைத் தாண்டவும் செய்யலாம். சூரிய உதயத்தின்போது எந்தத் திதியோ அதுதான் அந்த நாளின் திதி. இரண்டு உதயங்களுக்கு நடுவிலேயே தொடங்கி முடிந்துவிட்ட திதிக்கு நாள் கிடைக்காது.

கேள்வி: கோபுரத்துக்குப் பின்னால் முழு நிலா எழுவதைப் படம் எடுக்க வேண்டும். பௌர்ணமி அன்று போனால் கோபுரம் கறுப்பாக விழுகிறது.

ஒரு நாள் முன்னால் போங்கள் தம்பி. சதுர்த்தசி அன்று சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே நிலா வந்துவிடும். கோபுரத்தின் மீது வெயிலும் இருக்கும். கண்ணுக்கு அதுவும் முழு நிலாதான். இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மார்கழிப் பௌர்ணமி வடகிழக்கில் எழுந்து தலைக்கு மேல் ஏறும், ஆனியில் தென்கிழக்கில் எழுந்து தெற்கே சாய்ந்தே போகும். கோடைச் சூரியனும் குளிர்காலச் சூரியனும் போகும் பாதைகளை முழு நிலா தலைகீழாக எடுத்துக்கொள்கிறது.

கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் கூடுகிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவது எல்லாப் பௌர்ணமிக்கும் பொது.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். ஊரில் பிறை தோணி மாதிரிப் படுத்திருக்கும், இங்கே நிற்கிறது. என் மகள் காரணம் கேட்கிறாள்.

சூரியனும் நிலாவும் போகும் பாதை நம் ஊரில் தொடுவானத்தை ஏறக்குறைய நிமிர்ந்து வெட்டும். சூரியன் நேர் கீழே இருக்க, பிறையின் அடிப்பாகம் ஒளிரும், தோணி கிடைக்கும். அதுவும் மாசி, பங்குனியில் பார்க்க வேண்டும்! லண்டன் 51 பாகை வடக்கே இருப்பதால் பாதை சாய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் தரையை ஒட்டியே படுத்துவிடும். சூரியன் பக்கவாட்டில் இருப்பதால் பிறை எழுந்து நிற்கும். அதே சாய்வால் அந்த மாதப் பௌர்ணமியை ஒட்டி அங்கே நிலாவின் தாமதம் நாளுக்கு அரை மணிக்கும் குறைவு. மகளை இரண்டு நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிறை தேய்வது பூமியின் நிழல் விழுவதால்தானே?

இல்லை. நிழல் விழுந்தால் அது கிரகணம். நிலாவின் பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் பிறை.

கேள்வி: 27 நட்சத்திரம், ஆனால் மாதத்துக்கு 30 திதி. எது சரியான மாதம்?

இரண்டும். பூசத்தில் இருந்த நிலா மறுபடி பூசத்துக்கு வர 27.3 நாள். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடுவதால், பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29.5 நாள். தையில் முழு நிலா பூசத்தின் பக்கம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம் என்று தள்ளிப் போவது இந்த இரண்டு நாள் வித்தியாசத்தால்தான். தைப்பூசம் சில வருடம் பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்பின் விழுவதும் அதனால்தான்.

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். நள்ளிரவு, உச்சி வானில் மெல்லிய பிறை, கதாநாயகன் தனியாக நடக்கிறான். இருக்கலாமா?

கதாநாயகன் நடக்கலாம், பிறை வராது. மெல்லிய பிறை சூரியனை விட்டு விலகாது: மாலையில் மேற்கே என்றால் வளர்பிறை, விடியலில் கிழக்கே என்றால் தேய்பிறை. காட்சியை மாலை ஏழுக்கோ விடியற்காலை நாலரைக்கோ மாற்றுங்கள். நள்ளிரவுதான் வேண்டும் என்றால் பாதி நிலா வையுங்கள். வளர்பிறை அஷ்டமியில் மேற்கே மறையும், தேய்பிறை அஷ்டமியில் கிழக்கே எழும். கிருஷ்ணன் பிறந்ததாகச் சொல்லும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்: தேய்பிறை அஷ்டமி, நள்ளிரவு, ரோகிணி. சூரியன் ஆவணியில் சிம்மத்தில் இருக்க, 90 பாகை மேற்கே தள்ளி ரிஷபத்தில் ரோகிணி. அந்த நேரத்தில் நிலா அப்போதுதான் எழுந்துகொண்டிருக்கும்.