ஆவணிக் கடைசியா, புரட்டாசி முதலா?

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைகளில் வில்லும் அம்பும் கொண்டு எல்க் மான் வேட்டையாடுவதைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அங்கே பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பியவன் என்பதை அறிந்து, பழைய வடார்க்காட்டின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ அந்நாட்டில் இருக்கும் குடும்பங்களின் கடிதங்கள் அவை. பெரும்பாலானவற்றின் மையம் ஒன்றே: பருவத்தில் எந்த வாரம் ஏற்றது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

என் தம்பி டென்வரில் மென்பொருள் துறையில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில்லில் பயிற்சி எடுத்து, வேட்டைக் கல்விச் சான்றிதழும் பெற்றுவிட்டான். செப்டம்பரில் ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்குமாம். எந்த வாரத்தைக் கேட்டு வாங்கச் சொல்லட்டும்?
— வாசகர், குடியாத்தம்

செப்டம்பர் 17 அல்லது 18-ல் தொடங்கும் வாரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் விடுப்பு இரண்டு நாள் முன்பின் தள்ளிப்போனாலும் தம்பியால் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

எல்க், நம் கடமானை நினைவூட்டும் தோற்றம் உடையது. ஆனால் உடலளவில் அதைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த கலை 300 கிலோவைத் தாண்டும், பிணையே 200 கிலோவைத் தாண்டும். (ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொல்வது நம் பழைய வழக்கு, இவ்வளவு கச்சிதமான சொற்கள் இருக்கும்போது வேறு தேட எனக்கு மனம் வரவில்லை.) வசந்தத்தில் கொம்பு உதிர்த்து, கோடை முழுவதும் புதிய கொம்பை மென்தோலுக்குள் வளர்த்து, ஆகஸ்டில் அந்தத் தோலை மரங்களில் உரசிக் கழிக்கும் கலைகள், அதுவரை தங்களுக்குள் கூட்டமாக அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும். பகற்பொழுது குறையக் குறைய அவற்றின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன, கூட்டம் உடைகிறது, ஒவ்வொன்றும் பிணைகளைத் தேடிப் புறப்படுகிறது. இரவும் பகலும் சமமாகும் செப்டம்பர் 22, 23 தேதிகளை ஒட்டிய நாட்களில் இந்த வேகம் உச்சத்தை நெருங்குகிறது. கொலராடோவின் வில் வேட்டைப் பருவம் அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் 2 முதல் 30 வரை நடப்பதால், இந்த மாற்றம் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இந்த ஒரு மாதத்துக்குள் ஒரே காட்டில் மூன்று விதமான மானைப் பார்க்கலாம் என்று சொன்னால் மிகையாகாது. முதல் வாரத்தில் கலை பசியாலும் வெயிலாலும் நடத்தப்படுகிறது: மாலையில் புல்வெளிக்கு இறங்கும், விடியலில் அடர்மர நிழலுக்கு ஏறும், வாயைத் திறக்காது. இரண்டாவது வாரத்தில் அது தனியாக அலைகிறது. பிணையின் குரலைப் போல நாம் மெல்லக் கூப்பிட்டால் வந்து பார்க்கும் ஆவல் அப்போதுதான் மிகுதி. மூன்றாவது வாரத்திலிருந்து மலையே ஒலிக்கும். அந்தக் கூவலை எழுத்தில் சொல்வது கடினம். அடித்தொண்டையில் தொடங்கி, சட்டென்று மேலே ஏறி, நாதசுரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுபோல் ஒரு கீச்சொலியாக நீண்டு, இறுதியில் இரண்டு மூன்று உறுமல்களில் முடியும். முதன்முதலில் அதைக் கேட்டபோது இவ்வளவு பெரிய உடலிலிருந்து இவ்வளவு மெல்லிய குரலா என்று அசைவற்று நின்றுவிட்டேன்.

கூவல் மிகுந்த நாள்தான் எளிய நாள் என்று தம்பி எண்ணிவிடக் கூடாது. பிணைகளைச் சேர்த்துக்கொண்ட பெரிய கலை, எதிரியின் குரலைத் தொலைவில் கேட்டால் சண்டைக்கு வருவதைவிடத் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விடுவதே அதிகம்; போதாக்குறைக்கு அதைச் சுற்றி இருபது பிணைகளின் கண்ணும் மூக்கும் காவல் இருக்கும். அப்படியிருந்தும் நான் இந்த வாரத்தைச் சொல்வதற்குக் காரணம், புதியவருக்கு மிகக் கடினமான வேலை மான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே என்பதுதான். கூவும் மான் தன் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. கூட்டத்தின் ஓரத்தில் சுற்றித் திரியும் இளங்கலைகள் பொறுமையற்றவை. நூறு கெஜத்துக்குள் ஓசையின்றி நெருங்கிய பிறகு ஒரே ஒரு முறை பிணைக்குரல் கொடுத்தால் அவற்றில் ஒன்று வந்துவிடக்கூடும். அம்புக்கு உரிய தொலைவு 30 கெஜம், மிஞ்சினால் 40 கெஜம் என்பதால், அது தானாக வந்தால்தான் உண்டு.

ஓர் ஆண்டு உறைபனி படர்ந்த விடியலில் அப்படி ஒன்று என்னை நோக்கி வந்தது. கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. நம் ஊர்ப் பொலிகிடாவின் மொச்சை நாற்றத்தைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். இருபது கெஜத்தில், பழுத்து மஞ்சளான ஆஸ்பென் இலைகளுக்கு நடுவே, மூச்சு ஆவியாகப் பறக்க நின்றது. என் பிடரியில் காற்று லேசாகப் பட்டது. அவ்வளவுதான், மறுநொடி அங்கே மான் இல்லை. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும், மாலையில் மீண்டும் இறங்கும். அந்தத் திருப்பத்தின் நேரத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை. முகப்பவுடர் டப்பா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கத் தம்பிக்குச் சொல்லுங்கள். எந்த வாரமானாலும் இது பொருந்தும்.

இன்னும் இரண்டு செய்திகள். செப்டம்பர் நடுவில் ஒன்பது நாட்கள், குழல் முனை வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்காரர்களுக்கான பருவமும் சேர்ந்து நடக்கும்; பெரும்பாலான ஆண்டுகளில் நான் சொல்லும் வாரத்தின் முற்பாதி அதில் விழும். அவர்கள் கண்ணைப் பறிக்கும் நிற ஆடை அணிய வேண்டும். வில்லாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், நடக்கும்போது முதுகுப்பையில் ஓர் ஆரஞ்சு நிறத் துணியைக் கட்டிக்கொள்வது நல்லது. அடுத்து, டென்வர் கடல் மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது, எல்க் நிற்பதோ 2,700 முதல் 3,300 மீட்டரில்; நம் ஏலகிரியைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு. ஓரிரு நாள் முன்பே மேலே போய்த் தங்கினால் மூச்சு பழகும்.

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் மகனும் அதைக் காப்பாற்றி வருகிறான். ஆனால் நல்ல வேட்டை நாள் எல்லாம் புரட்டாசியில்தான் வருகிறது என்று வருந்துகிறான். வேறு வழி உண்டா?
— ஒரு தாய், வாலாஜாபேட்டை

உண்டு, அம்மா. இறைச்சியை உறையவைத்து ஐப்பசியில் சமைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விரத மாதத்தில் உயிரை எடுப்பது உங்கள் மகனின் மனத்துக்கு ஒவ்வாதது என்றால், அதை மாற்றச் சொல்ல நான் யார்? புரட்டாசி பெரும்பாலும் செப்டம்பர் 17-ல் பிறக்கிறது. பருவமோ 2-ம் தேதியே திறந்துவிடுகிறது. ஆவணியின் கடைசி இரண்டு வாரங்கள் முழுமையாக அவர் கையில் இருக்கின்றன, அவை எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. வாய்விட்டுக் கூப்பிடுவதைவிட வாய்மூடிக் காத்திருப்பதில் வல்லவர்களுக்கு இதுவே சிறந்த காலம் என்றுகூடச் சொல்வேன்.

அந்த நாட்களில் வெயில் இருக்கும். கனத்த உடலைக் குளிர்விக்கக் கலைகள் தண்ணீருக்கும் சேற்றுக்கும் வரும். வடக்கு நோக்கிய சரிவுகளில், அடர்ந்த மரநிழலுக்குப் பக்கத்தில் கசிவுநீர் தேங்கிய சேற்றுக்குழிகளை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எருமை புரண்ட குட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே தோற்றம்தான். தண்ணீர் இன்னும் கலங்கியிருந்தால், விளிம்பில் கருமுடி ஒட்டியிருந்தால், பக்கத்து மரத்தில் மார்பளவு உயரத்தில் ஈரச்சேறு அப்பியிருந்தால், மான் அன்றோ முந்தைய இரவோ வந்துபோயிருக்கிறது என்று பொருள். காற்று குழியிலிருந்து தன்னை நோக்கி வரும் பக்கமாக அமர்ந்து, நண்பகல் தொடங்கி இருட்டும் வரை எழாமல் இருக்க வேண்டும். சட்டப்படி அம்பெய்யும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரை. ஆனால் அந்தக் கடைசி அரை மணியைப் பற்றி அடுத்த பதிலையும் மகன் படிக்கட்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் வெப்பம் அதிகம் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய விலங்கின் இறைச்சி கெடாதா?
— வாசகர், ஆம்பூர்

கெடும். இறைச்சியின் அருமை தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி என்பதால் மறைக்காமல் சொல்கிறேன், என் கையாலேயே அது நடந்தது.

ஒரு செப்டம்பர் 5-ம் தேதி, பொழுது சாயும் கடைசி வெளிச்சத்தில் ஓர் இளங்கலை மீது அம்பெய்தேன். நெஞ்சுக்கூட்டில் பட்டிருந்தால் அரை மணி பொறுத்துத் தொடர்ந்தால் போதும். என் அம்பு ஒரு சாண் பின்னால் பட்டுவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் உடனே தொடர்ந்தால் மான் எழுந்து மைல்கணக்கில் போய்விடும். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அது கிடந்த இடத்தைக் கண்டேன். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. பின்தொடையை எலும்புவரை பிளந்தபோது எலும்பை ஒட்டிய சதை சாம்பல் பச்சையாக, புளித்த வாடையோடு இருந்தது. உடலின் உள்வெப்பம் வெளியேற வழியின்றி, தடித்த தோலும் முடியும் போர்வையாகி, இரவெல்லாம் உள்ளேயே வெந்து புழுங்கியிருக்கிறது. ஒரு பின்தொடை முழுவதையும் இழந்தேன். அந்த உயிருக்கு நான் செய்த தவறாகவே அதை இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே ஆவணியில் போகிறவர் கடைசி வெளிச்சத்தில் ஐயமான அம்பை எய்யவே கூடாது. விழுந்த மானை உடனே தோலுரித்து, நான்கு கால்களையும் பிரித்து, பின்தொடையில் எலும்பை நீக்கி, காற்றோட்டமான பருத்திப் பைகளில் நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை ஆகாது. ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே விட்டுவருவது குற்றம். எலும்பு நீக்கியும் வளர்ந்த கலை ஒன்றில் ஏறத்தாழ 90 கிலோ தேறும்; தோளில் 25 கிலோவாகச் சுமந்தால் நான்கு நடை. சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே, தனியாளாக, வெயில் நாளில் அது முடியுமா என்று எய்வதற்கு முன் கணக்கிட வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு, கூவல் இருக்கிறதோ இல்லையோ, குளிர்ந்த கடைசி வாரமே உகந்தது.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்க்க வேண்டுமா?
— வாசகர், ஆற்காடு

இணைசேரும் காலத்தை நிர்ணயிப்பது பகலின் நீளம்தான், நிலவு அல்ல; எனவே அதற்காக வாரத்தையே மாற்ற வேண்டியதில்லை. நிலா வெளிச்சத்தில் மான்கள் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியலுக்கு முன்பே நிழலுக்குள் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாட்களில் காலை பத்து மணிக்குக் கூடாரம் திரும்பாமல், நண்பகலில் அவை படுத்த இடத்திலிருந்து எழுந்து தண்ணீருக்குப் போகும்வரை காட்டிலேயே இருந்தால் பலன் கிடைக்கும். மகாளய அமாவாசை செப்டம்பரில் விழும் ஆண்டானால் அந்த விடியல்கள் நன்றாக இருக்கும். ஆனால் அதைவிட, வெயில் நாட்களுக்குப் பின் திடீரென்று இறங்கும் ஒரு குளிர் அலைக்கே நான் அதிக மதிப்பளிப்பேன்.

விடுமுறைக்கு ஊர் வரும்போது ஜவ்வாது மலையில் இதைப் பழகிப் பார்க்கலாமா?
— வாசகர், ஆலங்காயம்

கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காடுகளில் மான் வேட்டை குற்றம், சிறைத்தண்டனைக்குரியது. செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லேந்தி நிற்கும் வீரர்களைப் பார்த்து நாமும் பெருமைப்படலாம், கையில் வில்லெடுத்து மைதானத்தில் வைக்கோல் இலக்கின் மீது எய்தும் பழகலாம். மலைச்சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி நடந்து காலை வலுப்படுத்துவதற்கு ஏலகிரி போதும்.

டல்லாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் கொலராடோவுக்கு வந்து வேட்டையாட விரும்புகிறான். ஆகஸ்டில் உரிமம் வாங்கினால் போதுமா?
— வாசகர், காட்பாடி

போதாது. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவரே உள்மாநிலத்தாராகக் கருதப்படுவார். மற்றவர்க்குக் கட்டணமும் பல மடங்கு. 2025 முதல் மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதிகளில் வெளிமாநிலத்தாரின் வில் வேட்டை உரிமங்கள் குலுக்கல் முறைக்கு மாறிவிட்டன. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் என்றால் வேட்டைக் கல்விச் சான்றிதழும் முதலில் வேண்டும். குலுக்கல் விண்ணப்பத்தின் கடைசி நாள் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், எந்த வாரம் என்பதை மாசியில் முடிவு செய்து, பங்குனியின் முற்பாதியிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடச் சொல்லுங்கள்.