தாய்லாந்து பாட்டாக அல்ல, டாலராக அனுப்புங்கள்

கேள்வி: தாய்லாந்தில் பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியன் கடற்கரையில் 35 சதுர மீட்டர் காண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றை 30 லட்சம் பாட்டுக்கு (தாய்லாந்து நாணயம்) பேசியிருக்கிறோம். இங்கேயே பாட்டாக மாற்றி அனுப்பச் சொல்கிறார் ஏஜென்ட். அனுப்பலாமா? நாள் வாடகைக்கு விடும் எண்ணமும் உண்டு. (கோவை வாசகர்)

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். வெளிநாட்டவர் பெயரில் காண்டோ பதிவாக வேண்டுமானால், பணம் டாலர் போன்ற வெளிநாட்டு கரன்சியாகவே தாய்லாந்துக்குள் வந்து, அங்குள்ள வங்கியில்தான் பாட்டாக மாற வேண்டும். ஒரே தவணையில் 50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் அந்த வங்கி எஃப்.இ.டி. எனும் அன்னியச் செலாவணிப் பரிவர்த்தனைப் படிவம் தரும், குறைவென்றால் கடிதம். நிலப் பதிவு அலுவலகம் கேட்பது இந்தச் சான்றைத்தான். நாளை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் இதுவே கை கொடுக்கும்.

அனுப்பும்போது ‘காண்டோ வாங்க’ என்று குறிப்பிட்டு, கட்டட எண், யூனிட் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தில் மனைவி பெயரும் வருமென்றால் சான்றிலும் அவர் பெயர் இருக்கட்டும். சான்றுகளின் கூட்டுத்தொகை விலைக்குக் குறையக் கூடாது. வழியில் வங்கிகள் கட்டணம் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள். முன்பணத்தை அங்கே ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சான்றில் ஏறாது. பலர் சிக்குவது இங்கேதான்.

நம் பக்கத்தில், ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி. 80 லட்சம் ரூபாய் அனுப்பினால் கூடவே 14 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்தால் 10 லட்ச விலக்கு இரண்டு முறை கிடைக்கும். வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காண்டோவைக் காட்ட மறந்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

கட்டடத்தின் மொத்த விற்பனைப் பரப்பில் 49 சதவீதம் மட்டுமே வெளிநாட்டவருக்கு. அதில் உங்களுக்கு இடம் இருக்கிறதா, பராமரிப்புக் கட்டண பாக்கி ஏதும் இல்லையா என்று நிர்வாகத்திடம் கடிதம் வாங்குங்கள். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, தாய்லாந்துக் கம்பெனி பெயரில் வாங்கலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் மாற்றக் கட்டணம் 2 சதவீதம். யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

நாள் வாடகை எண்ணத்தை விட்டுவிடுங்கள். 30 நாளுக்குக் குறைவாக விட ஹோட்டல் உரிமம் வேண்டும். மாத வாடகைக்கு விடலாம்.

பணம் கட்டுமுன் பால்கனிக்குப் போய் ஏசியின் வெளி யூனிட்டையும் கைப்பிடிக் கம்பியையும் பாருங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது அவற்றைத்தான். கீழே காலி மனை இருந்தால், அங்கே என்ன கட்டப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.