மெத்தடோன் குடிக்கும் தம்பிக்கு எச்.ஐ.வி. மாத்திரை: மறுபடி போதையா, மருந்து மோதலா?

வணக்கம் அக்கா. மலேசியாவின் கிள்ளானில் உங்கள் தம்பி ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீள டாக்டர் தரும் மாற்று மருந்தான மெத்தடோனை இரண்டு வருடமாகக் குடிக்கிறார், எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிப் பத்தே நாளில் வியர்வை, கொட்டாவி, கால் குடைச்சல், வீட்டில் எல்லாரும் ‘மறுபடி ஹெரோயின்தான்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள். மாத்திரைப் புட்டியில் எஃபாவிரென்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கல்லீரல் மெத்தடோனை வேகமாகச் சிதைக்க அது தூண்டிவிடும். ரத்தத்தில் மெத்தடோன் அளவு பாதியாகக்கூடக் குறையும்; அது போதாமல் போவதால்தான் போதையை நிறுத்தியவருக்கு வருவது போன்ற வியர்வையும் கொட்டாவியும் வரும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யும்.

என் மாமா மகனுக்கு இதுதான் நடந்தது. காலையில் மருந்தக ஜன்னலில் சிரப்பைக் குடித்துவிட்டு வருவான், சாயங்காலம் நாலு மணிக்கே போர்வைக்குள் நடுங்குவான். இரண்டு கிளினிக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை! மாத்திரைப் புட்டியை மெத்தடோன் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், அடங்கியது.

போலீஸ் பயத்தில் டாக்டரிடம் மறைக்கிறார் என்கிறீர்கள். போதைப் பழக்கம் உள்ளவர்களைப் பிடித்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிய நாடு, பயம் நியாயம்தான். ஆனால் எச்.ஐ.வி. ஊசி வழியே பரவியதால் 2005-இல் மெத்தடோனையும் 2006-இல் பழைய ஊசிக்குப் பதில் புது ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டத்தையும் தொடங்கியதும் அதே மலேசிய அரசுதான்.

இரண்டு மருந்தையும் நிறுத்த வேண்டாம், அளவைத் தானாகக் கூட்டவும் வேண்டாம். எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுட்கிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், அதற்கு இந்த மோதல் இல்லை. மாற்றினால் மெத்தடோன் டாக்டருக்கு உடனே சொல்லிவிடுங்கள், ஏற்றிய அளவை இறக்க வேண்டிவரும்.