பெயர் சேர்க்க கோர்ட்டுக்குப் போக வேண்டாம்

மும்பை தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மகள் 2020 மே மாதம் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். எங்களுக்கு ஊரில் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிப் பெயர் வைப்பதுதான் வழக்கம். கொரோனா ஊரடங்கில் ரயில் இல்லாததால் நாங்களும் போகவில்லை, ஆச்சியும் வரவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் காலியாகவே கிடக்கிறது. இப்போது பள்ளியில் கேட்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டது, கோர்ட் ஆர்டர் வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. மாஜிஸ்திரேட் உத்தரவு என்பது, பிறப்பே ஒரு வருடத்துக்குள் பதிவாகாதவர்களுக்கு. உங்கள் மகளின் பிறப்பு பதிவாகிவிட்டது. பெயர் மட்டும்தான் பாக்கி. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை பெயர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. அதன் பிறகும் 15 ஆண்டு வரை, அதாவது உங்களுக்கு 2035 வரை, சிறு தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வீட்டை விட்டு வெளியே வராதே என்று சொன்ன காலத்தில் கழிந்த மாதங்களுக்கும் தாமதக் கட்டணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கட்டிவிடுங்கள்.

ஏஜென்ட்டுகள் செய்யும் பெரிய கெடுதல் வேறு. பிறப்பே பதிவாகாதது போலக் காட்டி, பெயரோடு புதிதாக ஒரு பதிவு போட்டுவிடுவார்கள். சிலர் போலி இணையதளத்தில் கியூஆர் கோடு போட்ட சான்றிதழையே அச்சடித்துத் தருகிறார்கள். பிள்ளைக்கு இரண்டு பதிவு இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது மாட்டிக்கொண்டு அலைவது நீங்கள்தான். போதாக்குறைக்கு, இப்படி ஒரு வருடம் தாண்டிப் போடும் தாமதப் பதிவுச் சான்றிதழ்களை மகாராஷ்டிர அரசு 2025-ல் மறு ஆய்வுக்கு எடுத்தது.

எந்த ஆபீஸ்? இங்கேதான் பலர் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள். தாராவிக்காரர்கள் பழக்கத்தில் தாதரில் உள்ள மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீஸுக்குப் போய் நிற்பார்கள். குடியிருக்கும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிறந்த இடம்தான் கணக்கு. சயான் ஆஸ்பத்திரி இருப்பது எஃப் நார்த் வார்டில். அந்த வார்டு ஆபீஸ் மாட்டுங்காவில். இடையில் கல்யாணுக்கோ நவி மும்பைக்கோ குடிபோயிருந்தாலும் மாட்டுங்காவுக்குத்தான் வர வேண்டும். சான்றிதழில் எந்த அலுவலகம், என்ன பதிவு எண் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய சான்றிதழ், டிஸ்சார்ஜ் கார்டு, அப்பா அம்மா இருவர் ஆதாரும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இருவரும் நேரில் போங்கள்.

பெயரை அவசரத்தில் சொல்லிவிடாதீர்கள். "சர்நேம் என்ன?" என்பார்கள், பதறிப்போய் ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ சொல்லிவிட்டால் அது பிள்ளையோடு கடைசிவரை வரும். இனிஷியலும் வேண்டாம், அப்பா பெயரை முழுசாக, அவர் ஆதாரில் உள்ள எழுத்துப்படி கொடுங்கள். பெயரில் 'ழ' இருந்தால் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எப்படி வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொண்டுபோங்கள். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு.

பள்ளி விஷயத்தில் பயம் வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. உங்களிடம் பிறந்த தேதியோடு சான்றிதழே இருக்கிறது. வார்டில் மனு கொடுத்ததும் முத்திரையோடு ரசீது கேட்டு வாங்கி, அதன் நகலைப் பள்ளியில் கொடுத்துவையுங்கள்.